லட்சத்தீவில் பார்க்க என்ன இருக்கிறது?

பெங்களூர் அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா போன வாரம் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். "தம்பி, நீங்க போயிட்டு வந்தீங்களே, அந்த அகத்தி... எனக்குத் தெரிஞ்ச அகத்தி கீரைதான். பையன் டிசம்பர்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போறேங்கிறான். மூணு நாளைக்கு இவ்வளவு காசு கொடுத்துப் போறோமே, அங்க பாக்க அப்படி என்ன இருக்கு?"

கடற்கரை, ஆமை, கண்ணாடி அடிப் படகு, தண்ணீருக்குள் முகத்தை வைத்து மீன் பார்ப்பது என்று சொன்னேன். "இதெல்லாம் அந்தமான்லயும் கோவாவுலயும் இல்லையா?" என்றார். நியாயமான கேள்வி. பட்டியல் போட்டால் எந்தக் கடற்கரை ஊரும் இன்னொன்றைப் போலத்தான் தெரியும்.

அவரை வீட்டுக்குள் அழைத்துப் போய், பரணில் கிடந்த ரப்பர் செருப்பை எடுத்தேன். அந்தப் பயணத்துக்குப் போட்டுப் போனது. அடிப்பக்கத்து வரிகளில் மணல் இன்னும் இறுகிக் கிடந்தது. ஊசியால் நெம்பி ஒரு சாஸரில் தட்டினேன். அரை ஸ்பூன் தேறியது. அதன் பக்கத்திலேயே, எங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து கொண்டுவந்த ஒரு சிட்டிகை மணலையும் வைத்தேன். இரண்டின் மேலும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். கட்டட மணல் நனைந்து அப்படியே கிடந்தது. செருப்பு மணல் மெல்லக் குமிழ் விட்டு நுரைக்க ஆரம்பித்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சோடா உப்பு மாதிரி பொங்குதே! என்ன தம்பி இது?"

"சுண்ணாம்புக்கா."

ஆற்று மணலும் எம்-சாண்டும் பாறை உடைந்து வந்தவை. லட்சத்தீவு மணலில் அந்த மாதிரிப் பாறைத் துகளைத் தேடினாலும் கிடைக்காது. பவளத்தின் உடைசல், சிப்பித் தூள், கடுகைவிடச் சிறிய கடலுயிர்களின் கூடு, சில கடற்பாசிகள் தங்களுக்குள் சேர்த்துவைத்த சுண்ணாம்பு, இவ்வளவுதான் அது. ஒவ்வொரு மணியும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் உயிர் தனக்காகக் கட்டிக்கொண்டது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பதற்கு நான் அந்தச் சாஸரிலிருந்துதான் பதில் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும். மற்ற ஊர்களில் பவளப்பார், அதாவது கடலுக்குள் பவளம் கட்டிய பாறைத்திட்டு, என்றால் படகேறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஓர் இடம். லட்சத்தீவில் நாம் நிற்கும் தரையே அதுதான். குடிக்கிற தண்ணீர், தட்டில் விழுகிற மீன், விமானம் இறங்கும் ஓடுதளத்தின் நீளம், வருகிறவர்களுக்குப் போட்டிருக்கும் கட்டுப்பாடு, எல்லாமே அந்தப் பாரிலிருந்து புறப்படுகின்றன.

லால்பாக் பாறையும் அகத்தி மணலும்

லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறை மேல் ஏறாத பெங்களூர்க்காரர் இருக்க மாட்டார். அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில், உலகத்தின் மிகப் பழைய தரைகளில் ஒன்றின் மேல் நாம் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். அங்கிருந்து கிளம்பி லட்சத்தீவின் அகத்தித் தீவில் இறங்கினால் காலுக்கடியில் இருப்பது சில ஆயிரம் ஆண்டுகளில் குவிந்த மணல். உயரம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர்தான். ஒரே பயணத்தில் தரையின் இரண்டு எல்லைகளையும் மிதித்துவிடலாம்.

அந்தத் தீவுகள் அங்கே எப்படி வந்தன? இந்திய நிலப்பரப்பு பல கோடி ஆண்டுகளாக வடக்கு நோக்கி நகர்ந்து வந்தது. வரும் வழியில், பூமிக்கடியில் எரிகுழம்பு பொங்கிக்கொண்டிருந்த ஓரிடத்தைக் கடந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரப் பக்கத்தைக் கரும்பாறையால் மூடியது அந்தப் பொங்கல்தான். நிலம் நகர நகர, கடலுக்கடியில் எரிமலைகளின் நீண்ட வரிசை ஒன்று உருவானது. லட்சத்தீவு, மாலத்தீவு, அதற்கும் தெற்கே சாகோஸ் எல்லாம் அந்த ஒரே வரிசையின் மேல் உட்கார்ந்திருப்பவை. பொங்கிய இடம் இன்று ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது.

எரிமலை ஆறினால் மெல்ல அமிழும். அதைச் சுற்றி ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் வளர்ந்த பவளத்துக்கோ வெளிச்சம் வேண்டும். அது அமிழ்ந்தால் செத்துவிடும். அதனால் மலை கீழே போகப் போக, பவளம் பழைய கூட்டின் மேல் புதுக் கூடு கட்டி மேலேயே இருந்தது. கடைசியில் மலை முழுவதும் மூழ்கிப்போனது. அதன் இடுப்பில் கட்டிய ஒட்டியாணம் மட்டும் கடல் மட்டத்தில் தங்கியது. 1842-இல் சார்லஸ் டார்வின் சொன்ன விளக்கம் இது. நான் இதைப் படித்தபோது பிரமித்துப் போனேன். பவளத்தைக் கட்டும் உயிரான பவளப்பூச்சி பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். மலை மூழ்குகிற வேகத்துக்கு ஈடு கொடுத்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் விடாமல் அது கட்டியிருக்கிறது.

அந்த வளையத்தின் மேல் மணலைக் குவித்தது அலையும் மீனும். மீனும் என்றுதான் சொல்கிறேன். கிளிமீன் என்று நம் ராமேஸ்வரம் பக்கம் சொல்வார்களே, பச்சையும் நீலமுமாக, கிளி மூக்கு மாதிரி வாயோடு இருக்குமே, அதுதான். கேரளத்தில் கிளிமீன் என்றால் வேறு மீன், குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தக் கிளிமீன் பவளத்தில் படிந்த பாசியைத் தின்பதற்காகப் பவளத்தையே சேர்த்துக் கடித்து அரைத்துவிடும். பாசி வயிற்றில் தங்கும், சுண்ணாம்பு மணலாக வெளியே போகும். பெரிய மீன் ஒன்று ஒரு வருடத்தில் நூற்றுக்கணக்கான கிலோ மணலைத் தள்ளிவிடும். அகத்தியில் முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை வைத்த முதல் நிமிடம் எனக்குக் காதில் ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் யாரோ வறுத்த கடலையை மென்றுகொண்டே இருக்கிற மாதிரி. எங்கிருந்து என்று தேடினேன். மூன்று கிளிமீன்கள் ஒரு பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தன. ஒன்று திரும்பி, பின்னால் வெள்ளைப் புகையாக ஒரு பிடி மணலை விட்டுவிட்டு நகர்ந்தது. நான் கரையில் படுத்திருந்த மணல் பிறந்த விதத்தை நேரிலேயே பார்த்துவிட்டேன்.

இன்னொன்றையும் வரைபடத்தில் கவனிக்கலாம். லட்சத்தீவில் பெரும்பாலான தீவுகள் வளையத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கின்றன. மேற்கே, வளையத்துக்குள் அடங்கி, காயல் போலக் கிடக்கிறது ஆழமில்லாத பச்சை நீர். லகூன் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் பெரிய அலைகள் மேற்குப் பாரில் மோதி உடைகின்றன. மிச்சம் வரும் அலைக்கு மணலைக் கிழக்கே ஒதுக்குகிற தெம்பு மட்டும்தான் இருக்கும். அந்த மணல்மேடுதான் தீவு. ஆகவே கரையில் இருந்து பார்க்கும்போது தூரத்தில் ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தால், இரைச்சல் மட்டும் கேட்டு அலை வராமல் இருந்தால், அந்தக் கோட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுக் குளிக்கலாம்.

மொத்தத்தில் 36 தீவுகள், நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். பெங்களூர் மாநகரம் மட்டும் 700 சதுர கிலோமீட்டருக்கு மேல். 36-இல் மனிதர்கள் குடியிருப்பவை 10. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. ஆனால் காயல்களின் பரப்பு சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். ஊர் என்றால் நிலம் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இந்த விகிதம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். அங்கே நிலம் ஓரம்தான், ஊரின் பெரும்பகுதி தண்ணீர்.

தீவுக்குத் தீவு

அகத்தி ஒல்லியான தீவு. சுமார் 7 கிலோமீட்டர் நீளம், தென்கோடியில் விமானம் இறங்குகிற இடத்தில் அகலம் மிகவும் குறைந்துவிடும். சுமார் 1,200 மீட்டர் ஓடுதளத்துக்குத்தான் அங்கே இடம். பெரிய ஜெட் இறங்க முடியாது, காற்றாடி வைத்த ஏடிஆர் மாதிரி விமானம்தான். இறங்கும்போது இரண்டு பக்க ஜன்னலிலும் கடல் தெரியும். 2024 மார்ச் 31-இல் பெங்களூரிலிருந்து இண்டிகோ நேரடி விமானம் விட்டபோதுதான் நம்மூரில் பலருக்கும் இந்தப் பெயரே பழக்கமானது. அதற்கு முன் கொச்சி போய், அங்கிருந்து விமானம் அல்லது கப்பல். கப்பல் என்றால் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம்.

அகத்தியில் ஆமைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். படகுத்துறைப் பக்கம் நின்றால் பச்சை ஆமையின் தலை மேலே வந்து மூச்சுவிட்டுப் போகும். அங்கிருந்து படகில் பங்காரம், அதன் எதிரே திண்ணகரா. இரண்டும் ஒரே காயலுக்குள் இருப்பவை. ஊர் கிடையாது, தங்குவதற்கு விடுதியும் கூடாரமும் மட்டும். லட்சத்தீவு முழுவதும் மதுவிலக்கு, பங்காரத்தில் மட்டும் விலக்கு. ராத்திரி தண்ணீரில் காலை அளைந்தால் நீல வெளிச்சம் சிதறும் என்று பங்காரத்தைப் பற்றிச் சொல்வார்கள். கடலில் ஒளிரும் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. நான் போன இரவு நிலா பெரியதாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அமாவாசையை ஒட்டிப் போங்கள்.

அதே பங்காரம் வளையத்தில் பரளி-1 என்று ஒரு குட்டித் தீவு இருந்தது. 1968-இல் வரைபடத்தில் இருந்த அது 2017-க்குள் அரித்துக் கரைந்து இல்லாமலே போய்விட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கட்மத் ஒரு நீண்ட கோடு. காயலில் நீந்தவும் ஆழத்தில் மூழ்கிப் பழகவும் விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. கவரத்தி தலைநகரம். அங்கே உஜ்ரா பள்ளிவாசலின் மரவேலைப்பாட்டைப் பார்க்காமல் வராதீர்கள். கூரையின் மரம் கடலில் மிதந்து வந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். கல்லோ பெரிய மரமோ இல்லாத தீவில் வெறும் மணலையும் தென்னையையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள், கையில் கிடைத்த மரத்தை எவ்வளவு மதித்துச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது அந்தக் கூரையைப் பார்த்தால் தெரியும்.

கல்பேனியின் கிழக்குக் கரையில் பெரிய பெரிய பவளப் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. 1847-இல் அடித்த ஒரு பெரும்புயல் கடலுக்குள்ளிருந்து வாரிப் போட்டவை என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பார் எப்போதும் காவல் நிற்கும் என்று உறுதி கிடையாது, புயலின் கையில் அதுவே கல்லாகவும் மாறும்.

ஆந்த்ரோத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பரப்பில் பெரிய தீவு அதுதான், கேரளக் கரைக்குக் கிட்டத்தில் இருப்பதும் அதுதான். ஆனால் மற்றத் தீவுகளைப் போல வடக்கு தெற்காக இல்லாமல் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, காயல் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. அதனால் சுற்றுலாவும் இல்லை. ஒரு வெள்ளைக்கோடு இருக்கிறதா இல்லையா என்பது ஓர் ஊரின் வருமானத்தையே எப்படி மாற்றுகிறது பாருங்கள்.

நிர்வாகத்தில் நமக்கும் இந்தத் தீவுகளுக்கும் இருந்த உறவு பலருக்குத் தெரியாது. ராஜராஜனின் மெய்க்கீர்த்தி சொல்லும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' பெரும்பாலும் மாலத்தீவு என்றே கொள்ளப்படுகிறது. அது பழைய கதை. 1780-களில் அமினித் தீவுக்காரர்கள் கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்தின் ஆட்சி பிடிக்காமல் திப்பு சுல்தானிடம் போய் முறையிட்டு, அமினி உள்ளிட்ட வடக்குத் தீவுத் தொகுதி அவர் கைக்கு வந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அது ஆங்கிலேயரிடம் போய், மங்களூரிலிருந்து ஆளப்பட்டது. 1956 நவம்பர் 1 வரை வடக்குத் தீவுகள் சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டத்திலும், மற்றவை மலபார் மாவட்டத்திலும் இருந்தன. ஒன்றியப் பிரதேசம் ஆன பிறகும் 1964 வரை அலுவலகம் கோழிக்கோட்டில்தான். லட்சத்தீவு என்ற பெயர் 1973-இல் வந்தது.

மினிக்காயும் அம்மாவின் அம்மியும்

மினிக்காய் தனி உலகம். மற்றத் தீவுகளிலிருந்து ஒன்பது டிகிரிக் கால்வாய் என்ற கடற்பகுதி அதைப் பிரிக்கிறது. மாலத்தீவு அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர்தான். வடக்கே மலையாளம் சார்ந்த ஜெசரி பேசுகிறார்கள், இங்கே மாலத்தீவு மொழியின் கிளையான மஹல். 1885-இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. அதன் மேலிருந்து பார்த்தால் பிறை மாதிரி வளைந்த தீவும், அது அணைத்துக்கொண்டிருக்கும் காயலும் முழுசாகத் தெரியும்.

எனக்கு மினிக்காய் முதலில் சமையலறை வழியாகத்தான் தெரியும். அம்மாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. எங்கள் வீட்டில் மாசிச் சம்பல் இல்லாத மாதம் கிடையாது. மாசி என்றால் மரக்கட்டை மாதிரி கறுத்து இறுகிய மீன் துண்டு. அதை உடைக்கக் கத்தி உதவாது. அம்மா அம்மிக் குழவியால் தட்டி, சிலாம்பு சிலாம்பாகப் பிரித்து, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூவோடு வைத்து நுணுக்கி, கடைசியில் எலுமிச்சை பிழிவார். பெங்களூரில் அது தீர்ந்துபோனால் சிவாஜிநகரில் கருவாட்டுக் கடையாகத் தேடுவோம். சிலசமயம் கிடைக்கும்.

அந்த மாசி மினிக்காயின் உயிர்த்தொழில். சூரை மீனைத் துண்டாக்கி, உப்புநீரில் அவித்து, புகையில் காட்டி, வெயிலில் பல நாள் காயவைப்பார்கள். சூரையைப் பிடிக்கிற விதம் இன்னும் அழகானது. வலை போடுவதில்லை. காலையில் காயலுக்குள், பவளத்தைச் சுற்றி மேயும் பொடி மீன்களைப் பிடித்துப் படகுக்குள் தண்ணீரில் உயிரோடு வைத்துக்கொள்கிறார்கள். பிறகு வெளிக்கடலுக்குப் போய், சூரைக் கூட்டம் தெரிந்ததும் அந்தப் பொடி மீனை வாரி இறைக்கிறார்கள். கூட்டம் மேலே வந்து வெறிபிடித்துத் தின்னும்போது, படகின் பின்புறம் வரிசையாக நின்று, கழியும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் வீசுகிறார்கள். ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன். ஆமையோ சுறாவோ தப்பி மாட்டுவது மிகக் குறைவு.

பவளம் செத்தால் பொடி மீன் இல்லை, பொடி மீன் இல்லாவிட்டால் சூரை இல்லை. சூரை இல்லாவிட்டால் அம்மாவின் சம்பலும் இல்லை. இந்தச் சங்கிலிக்கு இன்னொரு நல்ல பக்கமும் உண்டு. வருமானத்துக்கு வெளிக்கடல் சூரை இருந்ததால் பாரில் வாழும் மீன்களை லட்சத்தீவு மக்கள் பெரிய அளவில் பிடிக்காமல் விட்டார்கள். கிளிமீன்களும் மற்ற மேய்ச்சல் மீன்களும் நிறைய மிஞ்சின. பவளம் அடிபட்ட போதெல்லாம் பாசி மூடிவிடாமல் மேய்ந்து, புதுப் பவளம் ஒட்டிக்கொள்ள இடம் செய்து கொடுத்தவை அவை. இப்போது பாரின் மீன்களுக்கும் சந்தை உருவாகி வருகிறது என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. சுற்றுலாக்காரர் தட்டில் எந்த மீன் கேட்கிறார் என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை. சூரை கேளுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

2024 கோடையில் பெங்களூரில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்த நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு லட்சத்தீவின் தண்ணீர்க் கதை சட்டென்று புரியும்.

அங்கே ஆறு கிடையாது, ஓடை கிடையாது, ஏரி கிடையாது. பெய்கிற மழை மணலில் இறங்கி, கீழே ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் கலக்காமல் ஒரு வில்லை போலத் தங்கிவிடும். கிணற்றில் அளவாக மொண்டால் வில்லை இருக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறும், ஒருமுறை ஏறினால் அடுத்த நல்ல மழை வரை இறங்காது. கழிவுநீரும் அதே மணலில்தான் இறங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். 2005-இல் கவரத்தியில் ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தார்கள். மேல்மட்டக் கடல்நீர் 28 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக இருக்கும். காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் அந்தச் சூட்டிலேயே நீர் ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைக்க, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து 12, 13 டிகிரி குளிர்ந்த நீரைக் குழாயில் ஏற்றுகிறார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே அவ்வளவு ஆழம் கிடைப்பதற்குக் காரணம், பார் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்குவது. மூழ்கிய மலையின் சரிவு அது. மெரினாவில் அந்த ஆழத்துக்குப் பல கிலோமீட்டர் போக வேண்டும். 2011-இல் அகத்தியிலும் மினிக்காயிலும் நிலையங்கள் வந்தன, பிறகு மற்றத் தீவுகளிலும் கட்டத் தொடங்கினார்கள். அகத்தி வீட்டு விடுதியில் எனக்குக் கொடுத்த செம்புத் தண்ணீர் இப்படி வந்தது என்று தெரிந்த பிறகு, வாளி வாளியாக ஊற்றிக் குளிக்க மனசு வரவில்லை.

இந்தக் கணக்கு புரிந்தால், கப்பல் சுற்றுலாவின் அமைப்பும் புரியும். கொச்சியிலிருந்து எம்.வி. கவரத்தி கப்பலில் போகும் 'சமுத்திரம்' பயணத்தில், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று இறங்கிப் பார்த்துவிட்டு ராத்திரி கப்பலுக்கே திரும்பிவிட வேண்டும். தீவில் தங்க விடவில்லையே என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அது மிகுந்த யோசனையோடு செய்த ஏற்பாடாகத் தெரிகிறது. வருகிறவர்களின் படுக்கை, குளியல், கழிவு எல்லாவற்றையும் கப்பல் சுமக்கிறது, தீவு சுமக்கவில்லை.

வெளுத்த பவளம்

பவளப்பூச்சியின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் உணவு சமைத்துக் கொடுப்பதும், நிறம் கொடுப்பதும் அதுதான். கடல் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாகிச் சில வாரம் நீடித்தால், பூச்சி அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. அப்போது உள்ளே இருக்கும் சுண்ணாம்பு பளீரென்று வெள்ளையாகத் தெரியும். அதைத்தான் வெளுத்துப்போவது என்கிறார்கள். அந்த நேரத்தில் பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைக்கும்.

லட்சத்தீவில் இது 1998-இல் பெரிதாக நடந்தது. பிறகு 2010, 2016, 2024. இடைவெளிகளைப் பாருங்கள்: 12 ஆண்டு, 6 ஆண்டு, 8 ஆண்டு. 1998-க்குப் பிறகு பார்கள் ஓரளவு நன்றாகவே மீண்டன. இப்போது மீள்வதற்குள் அடுத்த அடி விழுகிறது. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் அகத்தி, கட்மத், கவரத்தி பார்களை இத்தனை ஆண்டுகளும் தொடர்ந்து அளந்து வந்திருக்கிறார்கள். 1998-இல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2022-இல் சுமார் 19 சதவீதம். அதற்குப் பிறகுதான் 2024 வந்தது.

அகத்தியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மான்கொம்பு மாதிரி கிளைவிடும் பவளம் பல இடங்களில் உடைந்து, பழுப்புப் பாசி படர்ந்து, கோழி எலும்பு கொட்டியது போலக் கிடந்தது. சூட்டுக்கு முதலில் போவது அந்த வகைதான். பானை கவிழ்த்தது போல உருண்டையான பவளங்கள் உயிரோடு இருந்தன. அந்த எலும்புக் குவியலுக்கு நடுவே, உள்ளங்கை அளவில், ஊதா நுனியோடு ஒரு குட்டிக் கிளைப் பவளம் முளைத்திருந்தது. படகோட்டி அண்ணன் துடுப்பால் காட்டி, "இது சின்னது, காலு வைக்காதே" என்றார். அவருக்கு வந்த தமிழ் அவ்வளவு. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல வழிகாட்டல் அதுதான்.

ஆமையின் கதை இதைவிடச் சிக்கலானது. பாதுகாப்பால் பச்சை ஆமைகள் பெருகின. அகத்திக் காயலின் கடற்புல் முழுவதையும் மேய்ந்து தீர்த்தன, பிறகு மற்றக் காயல்களுக்கும் போயின. புல்லில் குஞ்சு பொரித்து வளர்ந்த மீன்கள் குறைந்தன. நமக்குக் கைப்பேசியில் படம் பிடிக்கும் சந்தோஷம், மீனவருக்கு அடுப்பில் கை வைக்கும் பிரச்சினை. அவர்கள் ஆமையைப் பற்றிக் கடிந்து பேசினால் ஆச்சரியப்படாதீர்கள்.

பார் வளர்வது நின்றால் என்ன ஆகும்? அலை அரிப்பது நிற்காது. உடைத்து அனுப்ப மணல் இருக்காது, அலையைத் தடுக்க வெள்ளைக்கோடு பலவீனமாகும். பரளி-1 குட்டித் தீவுதான், யாரும் குடியிருக்கவில்லை. ஆனால் பித்ராவில் 2011-இல் 271 பேர் இருந்தார்கள். அந்தத் தீவின் பரப்பு 0.1 சதுர கிலோமீட்டர்.

கூட்டமும் கட்டுப்பாடும்

2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்ப் படங்கள் வெளிவந்ததும், மாலத்தீவுக்குப் பதில் லட்சத்தீவு என்று ஊரெங்கும் பேச்சு. அந்த ஒப்பீடு எனக்குச் சரியாகப் படவில்லை. மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள், ஆள் இல்லாத தீவு ஒன்றை எடுத்து ஒரே விடுதியாக மாற்றுகிற முறை, 2024-இல் 20 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். லட்சத்தீவின் மொத்த நிலமே 32 சதுர கிலோமீட்டர். அதிலும் சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரம் பேர் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். கவரத்திக்காரர்கள் தேங்காய்க்கும் மீனுக்கும் போய்வரும் சுஹேலியிலும், கட்மத்திலும் தாஜ் விடுதிகள் கட்டப்போவதாக 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. சுஹேலி மணலில் ஆமைகள் முட்டையிடுகின்றன. விடுதியே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வேலை அங்கத்திய பிள்ளைகளுக்கும் தேவை. ஆனால் எத்தனை அறை, எத்தனை லிட்டர், கழிவு எங்கே என்ற மூன்று கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் அடிக்கல் வர வேண்டும். என் ஆசை, ஊர்க்காரர்கள் நடத்தும் சின்ன வீட்டு விடுதிகள் வளர வேண்டும் என்பதே. பணம் தீவிலேயே தங்கும், தண்ணீரின் அருமை தெரிந்தவர் கையில் குழாய் இருக்கும்.

வெளியார் யார் போனாலும், இந்தியராக இருந்தாலும், முன்அனுமதி வேண்டும். 1967-இலிருந்து இருக்கும் விதி. மக்களில் பெரும்பான்மையினர் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள், அவர்கள் நிலத்தைக் காப்பதும் இதில் அடங்கும். விமானச் சீட்டுக்கு முன் அனுமதி வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. காலம் அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை படகுப் போக்குவரத்தை நம்ப முடியாது. மற்ற மாதங்களிலும் தீவுவிட்டுத் தீவு போகக் கடல் சம்மதிக்க வேண்டும், ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள். ஊருக்குள் நடக்கும்போது உடம்பை மூடிய உடை. தண்ணீருக்குள் முழுக்கைச் சட்டை போட்டால் வெயில் பூச்சு அதிகம் தேவைப்படாது, பூச்சு குறைந்தால் பவளத்துக்கும் நல்லது. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோனால் காலியானதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அங்கே அதைப் போட இடம் கிடையாது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாஸரில் நுரை அடங்கிவிட்டது. அக்கா விரலால் தொட்டுப் பார்த்தார். "பாதி காணோமே தம்பி?"

"எலுமிச்சைல கரைஞ்சிருச்சுக்கா."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அந்த மாசி அங்க கடையில கிடைக்குமா? உங்க அம்மாவுக்கு அரைக் கிலோ வாங்கிட்டு வரவா?" என்றார்.

"வாங்கிட்டு வாங்கக்கா, அம்மா சந்தோஷப்படுவாங்க. ஆனா பேத்தி பவளக் கல்லு பொறுக்கிக் கேட்டா மட்டும் கொடுத்திராதீங்க, கரையில செத்துக் கிடந்தாலும் சரி. வனவிலங்குச் சட்டத்துல புலிக்கு இருக்கிற அதே பட்டியல்ல அது இருக்கு. பையைத் திறந்து பாத்துட்டுத்தான் விமானத்துல ஏத்துவாங்க."

"கல்லு எதுக்கு, சிப்பி கேப்பா."

"அதையும் அங்கேயே விட்டுடச் சொல்லுங்கக்கா. சின்ன நண்டு அதுலதான் குடியிருக்கும்."